ததேயுஸ் சொன்ன மூன்றாவது சொல்

குளச்சல். மீன்துறை அலுவலகத்து மாடி அறை.
மேசையில் காப்பீட்டுக் கம்பெனியின் மஞ்சள் கோப்பு,
நான் சுமந்துபோன தடித்த ஆங்கில அகராதி.
எதிரே, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ததேயுஸ்.

"எங்களுக்க வள்ளத்துக்கு முன்ன கப்பல் வந்தது."

ஐந்தே சொல்.
பக்கத்துக்கு இருநூறு ரூபாய் எனக்கு.
நான்கைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிட்டேன்.
மூன்றாவது முரண்டு பிடித்தது.

கொச்சியிலிருந்து வந்த அதிகாரி பேனாவால் தட்டினார்:
பிஃபோரா, அஹெட்டா?
பிஃபோர் என்றால் கப்பல் ஏற்கெனவே அங்கே கிடந்தது,
விலகியிருக்க வேண்டியது வள்ளம்.
அஹெட் என்றால் கப்பல்தான் குறுக்கே வந்தது.
அந்த ஒரு சொல்லில்
இருபத்தெட்டு லட்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும்.

அகராதியைப் புரட்டினேன்.
ஃபார்வர்ட், ஃப்ரன்ட், ப்ரையர், ஏர்லியர், ஃபோர், அட்வான்ஸ்...
ஆளுக்கொரு வீடு, கதவில் எண்.
நமக்கு இருப்பது ஒரே வீடு.
செத்தவர்கள் முன்னோர்.
இன்னும் போய்ச் சேராத ஊரும் முன்னே.
பிடிபடுவதற்குள் முன்ஜாமீன் வாங்கியவன்
முன்னாள் கவுன்சிலராக முன்வரிசையில் உட்காருகிறான்,
யாருக்கும் குழப்பமில்லை.
'பின்னால் பார்த்துக்கலாம்' என்று
நாளையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு நடக்கிறோம்,
இடறியும் விழுவதில்லை.

"அண்ணே, முன்னன்னா எப்படி?
நீங்க போறதுக்கு முன்னமே அங்க நின்னுதா,
இல்ல குறுக்க வந்துதா?"

மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து வைத்தார். கப்பல்.
என் பேனா மூடியை உருவினார். வள்ளம்.
மூடியின் நுனியைத் தொட்டு, "இது அணியம்" என்றார்.
"நான் அமரத்தில, இஞ்சினைப் பிடிச்சிட்டு.
அணியத்தில எனக்க மச்சான் ஜெரோன்ஸ்,
கயிறு சுருட்டிட்டு நின்னான்.
மணி மூணு. லைட்டு ஒண்ணும் காணல்ல."

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லுங்கள்,
என்றார் அதிகாரி.

ததேயுஸ் மூடியை நகர்த்தினார், ஸ்டேப்ளர் அசையவில்லை.
திருப்தியில்லை.
ஸ்டேப்ளரை நகர்த்தினார், மூடி அசையவில்லை.
அதுவும் இல்லை.
பிறகு இரண்டு கைகளாலும் இரண்டையும்.
கோப்பின் மஞ்சள் விளிம்பில் அவை முட்டுவதற்கு
ஒரு விரல்கடை இருக்கும்போது
நிறுத்திவிட்டார்.

"அவன் முன்ன கண்டான். கத்தினான்.
நான் பின்னதான் கண்டேன்.
அவன் முன்ன நின்னான் இல்லியா,
அதனால முன்ன போயிட்டான்."

அவன் கண்டது காலம்.
நின்றது இடம்.
போனதற்கு அகராதியில் தேடினேன்.
ப்ரிடிசீஸ்ட் என்று ஒன்று இருந்தது, சட்டத்தின் சொல்.
அதை எழுத வேண்டுமானால்
எதிரே இருப்பவரும் செத்திருக்க வேண்டும்.

அகராதியை மூடினேன்.
ஜன்னலுக்கு வெளியே ஐஸ் லாரி ஒன்று
பின்னால் வந்துகொண்டே முன்னால் இருந்த ஆட்டோவை
ஹாரன் அடித்து விரட்டியது.

அஹெட், என்று எழுதினேன்.

உறுதியா, என்றார்.
சாட்சி சொன்னது அதுதான் சார், என்றேன்.
பொய்யில்லை.
சொன்னது முழுவதும் அதுவுமில்லை.

ஆறு மணி பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை.
முன்ன போங்க, முன்ன போங்க, என்று
கண்டக்டர் என் தோளுக்கு மேலே கத்திக்கொண்டே வந்தார்.
எல்லோரும் அரை அடி நகர்ந்தார்கள்.
நான் கம்பியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே.

திங்கள்நகர் தாண்டித்தான் கவனித்தேன்,
பைக்குள் பேனா கசிந்து
இருநூறு ரூபாய்த் தாளில் நீலம் ஏறியிருந்தது.
மூடி அவரிடம் இருக்கிறது.